ரெஜி வாங்கிய ஜீன்ஸ்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வரும் வழியில் மீன் வாங்கிக்கொண்டு சாரா வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பில் பெரிய அண்டா ஏறியிருந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் புருஷன் சைமன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தான். கப்பலிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அவன் தானாக எழுந்து ஒரு காரியம் செய்து அவள் பார்த்ததில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். இரவில் தூங்கவும் மாட்டான்.

"இன்னா சைமன், குளிக்கவா?"

"இல்ல. பேன்ட்ட ஊறப்போடணும்."

எந்த பேன்ட் என்று அவள் கேட்கவில்லை. போன வாரம் எல்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது.

எல்சியின் புருஷன் ரெஜியும் சைமனும் ராயபுரத்தில் அடுத்தடுத்த தெருவில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சைமன் இன்ஜின் ரூமில் ஃபிட்டர், ரெஜி ஆயில்மேன். அந்தக் கப்பலின் முதலாளி ஒருநாள் கைகழுவிவிட்டார். எங்கோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், நங்கூரம் போட்டபடி அது நின்றுபோனது. உள்ளே நுழையவும் விடவில்லை, ஆட்களை இறங்கவும் விடவில்லை. டீசல் தீர்ந்தது, அரிசி தீர்ந்தது, கடைசியில் குடிதண்ணீரும் தீர்ந்தது. ரெஜி வயிற்றுவலி வந்து அங்கேயே செத்துப்போனான். அதன் பிறகுதான் மற்றவர்களை இறங்க விட்டார்கள். சைமன் அவனைப் பெட்டியில் கொண்டுவந்து காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் பண்ணிவிட்டு, அவனுடைய பையை எல்சியிடம் ஒப்படைத்தான்.

அந்தப் பைக்குள் இருந்ததுதான் இந்த ஜீன்ஸ். ஜப்பானில் கப்பல் நின்றபோது ரெஜி ஆசைப்பட்டு வாங்கியது. தறியிலிருந்து இறக்கிய பின் ஒருமுறைகூடத் தண்ணீரைப் பார்க்காத, தார்ப்பாய் மாதிரி கனத்த நீலத்துணி. கஞ்சி விறைப்பு இறங்காமல், நிற்க வைத்தால் நின்றது.

"பீரோவ தொறந்தா ஆள் மாரி நிக்குது" என்று எல்சி வாசலிலேயே நின்றபடி சொன்னாள். "பாத்தாலே பகீர்னுது. அவரு இடுப்பும் உன் இடுப்பும் ஒண்ணுதான் சைமன். நீயே போட்டுக்கோ."

சைமன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

மாடியில் துணி ஊறப்போடும் பெரிய டப்பில் சுடுதண்ணீரை ஊற்றி, ஜீன்ஸை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி அமுக்கினான். அது காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே வந்தது. கீழே போய் அம்மிக்குழவியைத் தூக்கிவந்து அதன் மேல் வைத்தான்.

"சோப்பு போடவா?" என்று சாரா கேட்டாள்.

"ஐயோ, போடக்கூடாது. பிழியவும் கூடாது. சுடுதண்ணியில அதுவே கஞ்சிய வுட்டு, அதுவே சுருங்கும். இதுக்குன்னுதான் ரெண்டு இன்ச்சு பெருசா வாங்கினான். ஈரம் காயறதுக்குள்ள எடுத்து மாட்டிக்கணும். அப்பத்தான் நம்ம ஒடம்புக்கு ஏத்த மாரி நிக்கும். அப்பால தெனைக்கும் போட்டுகினே இருக்கணும். நாம எப்டி குந்துறோம், எப்டி நடக்குறோம், எல்லாம் அதுல கோடு கோடா வந்துடும். ஆளுக்கு ஆள் வேற வேற கோடு."

இவ்வளவு நீளமாக அவன் பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. சாரா ஈரக்கையோடு அப்படியே நின்றாள்.

"யார் சொன்னா இதெல்லாம்?"

"ரெஜிதான். அங்க வேற இன்னா வேல? தார்ப்பாய கட்டி மழத்தண்ணி புடிச்சிகினு இருப்போம். இவன் பக்கத்துல குந்திகினு இதையே சொல்லுவான். வூட்டுக்குப் போனதும் டப்பு நெறைய சுடுதண்ணி ஊத்தி ஊறப்போடணும் மாமு, டப்பு நெறையன்னு."

தண்ணீர் ஆறியபோது கொழகொழவென்று நீலமாகியிருந்தது. பழைய கஞ்சியின் வாடை அடித்தது. அவன் ஜீன்ஸைத் தூக்கிக் கொடியில் இடுப்புப்பக்கமாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டான். கனத்தில் கொடி தாழ்ந்து, கைப்பிடிச் சுவரின் வெள்ளையில் நீலச் சொட்டுகள் விழுந்து இறங்கின. டப்பைக் காலி பண்ணலாம் என்று சாரா அதைச் சாய்த்தாள். சைமன் பாய்ந்துவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கொட்டாத."

"சாயத்தண்ணி சைமன். இத வச்சிகினு இன்னா பண்ணப் போறே?"

"தண்ணிய கொட்டாதன்னு சொல்றேன் இல்ல?"

அவன் முகத்தைப் பார்த்து அவள் கையை எடுத்துவிட்டாள். அவன் அந்தத் தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாகக் கீழே இறக்கி, கக்கூஸுக்கு ஊற்ற வைத்துக்கொண்டான். கடைசிச் சொட்டு தீரும்வரை அந்தச் சின்ன அறை முழுக்க நீலத்திட்டு.

சாயங்காலம் கடல்காற்று கிளம்பியபோது, பாதி ஈரத்திலேயே ஜீன்ஸை எடுத்து மாட்டிக்கொண்டான். மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் பட்டனைப் போட முடிந்தது. மாடியில் இருந்த மிச்ச வெயிலில் கால்களை அகட்டிக்கொண்டு நின்று அதை உடம்பிலேயே காயவிட்டான். காய்ந்ததும் முழங்கால் மடங்கவில்லை. படியிறங்க ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்ததைப் பார்த்து சாராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சிரித்தபோது பழைய சைமன் ஒரு நொடி வந்துவிட்டுப் போனான்.

அதற்காகவே அவள் மற்றதைப் பொறுத்துக்கொண்டாள். முட்டிக்குப் பின்புறம் தோல் உரிந்து ரணமானது. தேங்காய் எண்ணெய் தடவும்போது தொடையெல்லாம் ஊதா நிறமாக இருந்தது. மெத்தை விரிப்பு, நாற்காலி, அவன் கைபட்ட கதவு, எல்லாவற்றிலும் நீலம். அவள் வேலை செய்யும் கல்மண்டபம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், வெள்ளைக் கோட்டின் கையில் என்ன கறை என்று டாக்டர் கேட்டார். ஆனால் சைமன் வெளியே போக ஆரம்பித்துவிட்டான். முதலில் தெருமுனை வரைக்கும், பிறகு மீன்பிடித் துறைமுகம் வரைக்கும். நடக்கும்போது இரண்டு தொடைகளும் உரசி சரக் சரக்கென்று சத்தம் வரும். மத்தியானம் வேலை முடிந்து அவள் வரும்போது வீடு பூட்டியிருந்தால் சாராவுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியை மீன்காரி சிலுவையம்மாள் கெடுத்தாள். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "உன் வூட்டுக்காரன் தெனைக்கும் மத்தியானம் எல்சி வூட்லதான் கீறான். நா ஒண்ணும் தப்பா சொல்லல. தெரிஞ்சிக்கோ, அவ்ளோதான்."

சாரா எல்சியைத் தப்பாக நினைக்கவில்லை. நினைக்கக்கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினாள். மூன்றாம் நாள் வேலையிலிருந்து சீக்கிரமே கிளம்பி நேராக எல்சி வீட்டுக்குப் போனாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கியபோது உள்ளே ரெஜியின் அப்பா அலெக்ஸாண்டரின் குரல் கேட்டது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை. மகனின் குழிக்குள் தன் கையால் மண் போட்டவர்தான். ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு நினைவு தடுமாறிவிட்டதென்று சாராவும் கேள்விப்பட்டிருந்தாள்.

"ரெஜி, தண்ணி எட்தாடா."

சரக், சரக்.

"இந்தாங்க டாடி."

அது சைமனின் குரல். சாராவின் கை அந்தரத்திலேயே நின்றது.

கதவிடுக்கில் பார்த்தாள். கிழவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். சைமன் பக்கத்தில் உட்கார்ந்து, குழம்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தான். சமையற்கட்டு வாசலில் எல்சி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாராவைக் கண்டதும் உதட்டின் மேல் விரலை வைத்து, பேசாதே என்று சைகை செய்தாள்.

கிழவர் ஒரு வாய் மென்று விழுங்கினார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தது போலக் கேட்டார்.

"ஏன்டா, உன்கூட வந்தானே, ஃபிட்டர் பையன், சைமனு? அவன் எங்கடா?"

சைமனின் கை தட்டிலேயே நின்றது.

"அவன் வரல டாடி."

"வரலியா? அவன அங்கயே வுட்டுட்டா வந்தே?"

சைமன் சோற்றை மறுபடியும் பிசைந்தான்.

"அவன் பொண்டாட்டி சின்னப் பொண்ணாச்சேடா. அவகிட்ட இன்னா சொன்னே?"

"இன்னும் சொல்லல டாடி."

சாராவுக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அவன் வந்துட்டான் அங்கிள்."

"சாரா, வேணாம்" என்றாள் எல்சி.

"நாதான் அவன் பொண்டாட்டி, சாரா. உங்களுக்குச் சோறு ஊட்டிகினு கீறானே, இவன்தான் சைமன். என் சைமன்."

கிழவர் கையை நீட்டினார். சைமன் விலகவில்லை. அவர் விரல்கள் அவன் காதைத் தடவி, கன்னத்தைத் தடவி, மோவாய்க்கு வந்து தேடின. ரெஜிக்கு அந்த இடத்தில் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு உண்டு. விரல்கள் இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டுக் கீழே விழுந்தன.

"அப்ப எம் புள்ள?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் புரிய அதுவே போதுமாக இருந்தது. தட்டைத் தட்டிவிட்டார். குழம்பு சைமனின் மடியெல்லாம் கொட்டியது. "போங்க, எல்லாரும் வெளிய போங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார்.

எல்சி வாசல்வரை வந்து சாராவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"இவன் நடந்து வர்ற சத்தம் கேட்டு அவராத்தான் ரெஜின்னு கூப்புட்டாரு. அவரு ஒழுங்கா துன்ன ஆரம்பிச்சி இப்பத்தான் ஒடம்பு தேறிகினு வந்துச்சு. மறுபடியும் அவரு புள்ளைய பொதைக்க வச்சிட்டியேடி. காலையில அவரு மறந்துடுவாரு. நா மறப்பேனா?"

"அவன் எம் புருஷன் எல்சி. செத்துப்போனவனா வேஷம் கட்டிகினு..."

"உன் புருஷன் உசுரோட கீறான் இல்ல? சோறு ஊட்டுற நேரம் வரைக்கும் குட்த்தா கொறைஞ்சா பூடுவே?"

சாரா தோளை விடுவித்துக்கொண்டு நடந்தாள். தெருவில் நடந்து வரும்போது அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் தான் செய்தது தப்பென்று அவள் மனம் ஒப்பவில்லை. பின்னால் சரக் சரக்கென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சைமன் ஜீன்ஸைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு லுங்கியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவள் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அங்க நா தூங்குறேன் சாரா" என்றான் அவன். "அவருக்கு சோறு குட்த்துட்டு, அந்த கட்டிலுக்குக் கீழயே படுத்தா தூக்கம் வருது."

"இங்க ஏன் வரல?"

"இங்க நா சைமன். சைமனா கீறப்போ அவன் கூப்புடுறது கேக்குது. ரெஜியா கீறப்போ கேக்கல."

"இன்னான்னு கூப்புடுறான்?"

பொழுது இறங்கியது. சாரா எழுந்திருக்கவில்லை. அடுப்பில் எதையும் ஏற்றவில்லை. கடைசியில் அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"குளுருதுன்னான். உச்சி வெயிலு, இவன் குளுருதுங்குறான். போர்வ எல்லாம் ஈரம். அந்த பேன்ட்டத்தான் எட்து மேல போட்டேன். கனமா கீது மாமு, நல்லா கீதுன்னான். கரையிலிருந்து மோட்டார் போட்டு வருதுன்னு மேல கத்துனாங்க. நா டெக்குக்கு ஓடிப்போய் துணிய வீசிகினு நின்னேன். கீழேர்ந்து மாமு, மாமுன்னு கூப்புட்டுகினே இருந்தான். இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்னு நானும் மேலேர்ந்தே சொல்லிகினு இருந்தேன். அந்த போட்டு வேற கப்பலுக்குப் போற போட்டு. நா எறங்கிப் போறதுக்குள்ள..."

சாரா அவன் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

"இத எல்சிகிட்ட சொன்னியா?"

"தூக்கத்துலயே பூட்டான்னு சொல்லிகீறேன்."

"போய் சொல்லிடு சைமன். நானும் வரேன்."

அவன் தலையை ஆட்டினான். ஆனால் அடுத்த நாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. ஜீன்ஸ் ஆணியில் குழம்புக்கறையோடு தொங்கியது. அவன் மறுபடியும் ஜன்னலோர நாற்காலிக்குப் போய்விட்டான். தான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இவனாவது நடமாடிக்கொண்டிருப்பான் என்று சாராவுக்குத் தோன்ற ஆரம்பித்தது. சர்ச்சில் எல்சி இவளைப் பார்த்தும் பார்க்காதது போல அடுத்த வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் எல்சியே வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எதுவுமே துன்ன மாட்டேங்குறாரு. எல்லாத்தையும் மறந்துட்டாரு, ஒண்ணத் தவிர. அந்த ஃபிட்டர் பையன் வந்துட்டானாமே, அவன இட்டுகினு வா, அவன் கையில கேக்கணும்னு ஒரே புடிவாதம்." அவள் சைமனைப் பார்த்தாள். "இன்னாத்த கேக்கணும்னு எனக்குத் தெரியாது. வர்றியா?"

சைமன் எழுந்து சட்டையைத் தேடினான். எல்சி ஆணியைக் காட்டினாள்.

"அத போட்டுகினு வா."

"வேணாம்க்கா. மறுபடியும் அவரு..."

"நா அத ரெஜிக்குக் குட்க்கல. உனக்குத்தான் குட்த்தேன்."

சைமன் ஜீன்ஸை மாட்டிக்கொண்டதும் மூன்று பேரும் கிளம்பினார்கள். கிழவர் கட்டிலில் முன்னைவிடச் சின்னதாகிக் கிடந்தார். சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார்.

"யாரு?"

"சைமன் அங்கிள். ரெஜிகூட கப்பல்ல இருந்தவன்."

கிழவர் கையால் தடவிக் கட்டிலில் இடம் காட்டினார். அவன் உட்கார்ந்ததும் அவன் முழங்கால் மேல் கையை வைத்தார்.

"அவனுக்கு எந்தப் பக்கம் வலிச்சுது?"

"வலது பக்கம். அடிவயித்துல."

"தண்ணி குட்த்தியா?"

"இருந்தத குட்த்தேன் அங்கிள். மழத்தண்ணி."

"பக்கத்துல இருந்தியா?"

சைமன் எல்சியைப் பார்த்தான். சாரா அவனைப் பார்த்தாள். அவன் சொன்னான். வீட்டில் சொன்னதைப் போல உடைந்து உடைந்து இல்லாமல், படகு வருகிறதென்று கத்தியது முதல் கீழே இறங்கிப் போனது வரைக்கும் விடாமல் சொன்னான். எல்சி சுவரில் சாய்ந்தபடி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். சாரா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்சி தள்ளிவிடவில்லை.

"தூக்கத்துலன்னு சொன்னியேடா" என்றாள் எல்சி.

"பொய் சொன்னேன்க்கா."

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அடக்கத்தின்போது கல்லாக நின்றவள் அவள். கிழவர் அழவில்லை. அவர் கை சைமனின் முழங்காலில் அந்தக் கனத்த துணியை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"இதத்தான் மேல போட்டியா?"

"ஆமா அங்கிள்."

"நல்லா கீதுன்னானா?"

"நல்லா கீதுன்னான்."

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்து, "நீ துன்னியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

"எல்சி, இந்தப் புள்ளைக்குச் சோத்தப் போடு. எவ்ளோ நாளு பட்டினி கெடந்துட்டு வந்துகீறான்."

எல்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சாரா, அந்தத் தட்டுங்கள கழுவி எட்தா" என்றாள். நாலு பேரும் சாப்பிட்டார்கள். கிழவர் தன் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சைமன் இப்போது சாத்தாங்காட்டில் ஒரு இரும்புப் பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போகிறான். நெருப்புப்பொறிக்கு அந்த ஜீன்ஸ்தான் தாங்குகிறது. வலது தொடையில் ஏற்கெனவே இரண்டு பொத்தல். தூக்கம் சில இரவு வருகிறது, சில இரவு வருவதில்லை. வராத இரவில் அவன் சாராவை எழுப்பிவிடுகிறான், அது ஒன்றுதான் புதுசு. வேலைக்குப் போகும் வழியில் கிழவரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகிறான்.

போன வாரம் சாராவும் கூடப் போயிருந்தாள். கிழவர் சத்தம் கேட்டதும், "ரெஜி வந்துட்டியா?" என்றார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

சைமன் வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றான்.

"நா சைமன் அங்கிள்" என்றான்.

அந்த முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் சாரா தலையைக் குனிந்துகொண்டாள். கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். சைமன் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கப்பலில் ரெஜி தூண்டில் போட்டு ஒரு பெரிய சூரை மீனைப் பிடித்து, தனியாக இழுக்க முடியாமல் எல்லாரையும் கூப்பிட்டு ஊரைக் கூட்டிய கதையை அந்த முதுகிடம் சொல்ல ஆரம்பித்தான்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டாராம், எல்சி போனில் சொன்னாள்.